கஷ்டத்தைத் தாண்டி வந்தவர்கள் ஆசிரியர்களிடம் பேசும்போது: டர்பன் பள்ளிகளுக்கும் தமிழ் வகுப்புகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரேபேங்க், டொங்காட் பக்கமெல்லாம் ஆசிரியர் கூட்டம் என்றால் யாராவது ஒரு சிறப்புப் பேச்சாளரை அழைப்பது வழக்கமாகிவிட்டது. வறுமை, விபத்து, நோய், குடிகார அப்பா, வெள்ளத்தில் போன வீடு என்று எதையோ தாண்டி வந்தவர் மேடையேறுகிறார். ஆசிரியர்கள் கண் கலங்குகிறார்கள், எழுந்து நின்று கை தட்டுகிறார்கள், சமோசாவும் டீயும் முடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். மறுநாள் முதல் பீரியடில் எல்லாம் பழையபடிதான். ஒருவர் தன் வாழ்க்கையின் வலியை நம் முன் எடுத்து வைத்ததற்கு இது ரொம்பக் குறைந்த பலன்.

தமிழ் வார வகுப்புகளின் ஆசிரியர்களுக்கும், சில பகல்நேரப் பள்ளிகளுக்கும் இப்படிப்பட்ட சந்திப்புகளை ஏற்பாடு செய்து வருகிறேன். அதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. மன உறுதி இருந்தால் எதையும் ஜெயிக்கலாம் என்ற பேச்சு ஆசிரியர்களுக்குப் பெரிதாக உதவாது. பசியோடு வரும் பிள்ளையையும், பாட்டியிடம் வளரும் பிள்ளையையும் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது வேறு: அந்தக் கஷ்ட காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என்ன செய்தார், அல்லது என்ன செய்யாமல் விட்டார்? பேசுபவரின் கதையில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, பத்திரமாக வெளியே கொண்டுவருவதுதான் ஏற்பாடு செய்பவரின் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: எதற்காக அழைக்கிறோம்?

தேதியை முடிவு செய்வதற்கு முன், பள்ளியில் இப்போது ஆசிரியர்களைத் தொந்தரவு செய்யும் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். 'உத்வேகம் தர' என்று எழுதினால் அது கேள்வியே இல்லை. 'எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் ஏன் திடீரென்று வராமல் போகிறார்கள்?', 'வீட்டில் யாராவது இறந்துபோன பிள்ளையிடம் முதல் வாரத்தில் எப்படிப் பேசுவது?', 'சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளை ஏன் வாயே திறப்பதில்லை?' இப்படி இருக்க வேண்டும். ஆசிரியர்கள் அறையில் ஒரு தாள் ஒட்டி, பெயர் போடாமல் எழுதச் சொன்னால் கேள்விகள் தானாக வந்து சேரும்.

இரண்டாம் படி: ஆளைத் தேடுவது

பணம் வாங்கிக்கொண்டு பேசும் தொழில்முறைப் பேச்சாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நன்றாகப் பேசுவார்கள். ஆனால் அவர்கள் கதை பல மேடைகளில் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். எங்கே நிறுத்தினால் கை தட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதைவிட உங்கள் பள்ளியிலேயே படித்து, இப்போது அதே ஊரில் வாழ்பவரைத் தேடுங்கள். அவர் சொல்லும் படிக்கட்டும், வாசல் கேட்டும் ஆசிரியர்களுக்குத் தெரிந்தவையாக இருக்கும்.

எங்கே தேடலாம்? கோவில் கமிட்டிகளில் கேளுங்கள். காவடிக்கும் திரௌபதி அம்மன் தீமிதிக்கும் சமையல் பொறுப்பு ஏற்கும் அக்காக்களுக்கு ஊரில் எல்லார் கதையும் தெரியும். துணித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் இருக்கிறார்கள். பள்ளி அலுவலகத்திலும், தோட்டத்திலும், சமையலறையிலும் வேலை செய்பவர்களை யாருமே கேட்பதில்லை, கேளுங்கள். அப்புறம் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். 1961-இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கினார்கள். அங்கே படகில் போய்ப் படித்த தலைமுறையில் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். இனவொதுக்கல் காலத்தில் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வீட்டைக் காலி செய்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டபோது பள்ளி மாறிய பிள்ளைகள், இன்று தாத்தா பாட்டிகள். புதுப் பள்ளியில் முதல் நாள் தங்களை யார் எப்படி நடத்தினார்கள் என்பது அவர்களுக்கு இன்றும் மறந்திருக்காது.

தில்லையாடி வள்ளியம்மையின் கதையோடு கூட்டத்தை ஆரம்பிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் உயிர்விட்ட பெண்ணை நாம் வணங்குகிறோம், வணங்கத்தான் வேண்டும். அவள் கதைக்குப் பிள்ளைகளின் வகுப்பில் இடம் உண்டு. ஆனால் இந்தக் கூட்டத்துக்கு அது சரியாக வராது. வீரக் கதையைக் கேட்ட ஆசிரியருக்கு மரியாதை பெருகும், நாளை வகுப்பில் என்ன செய்வது என்பது தெரியாது.

யாரை அழைக்கக் கூடாது என்பதும் முக்கியம். காயம் இன்னும் ஆறாதவரை அழைக்காதீர்கள். அந்தக் கதையை நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே முழுசாகச் சொல்லியிருக்கிறாரா, சொன்ன அன்று ராத்திரி தூங்க முடிந்ததா என்று மெதுவாகக் கேளுங்கள். முதல் முறையாக உங்கள் மேடையில்தான் சொல்லப்போகிறார் என்றால் வேண்டாம், இன்னொரு வருஷம் பொறுக்கலாம்.

மூன்றாம் படி: கதையைச் சேர்ந்து தயார் செய்வது

இதுதான் முழு வேலையின் உயிர். இதற்கு நேரம் ஒதுக்காமல் மற்றதையெல்லாம் கச்சிதமாகச் செய்தும் பயனில்லை.

பேசுபவரின் வீட்டுக்குப் போங்கள், தொலைபேசியில் முடிக்காதீர்கள். முதல் சந்திப்பில் கதையைத் திருத்தாமல் கேளுங்கள், குறிப்பும் எடுக்க வேண்டாம். கிளம்பும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்: 'அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் யாராவது செய்த ஒரு சின்னக் காரியம் ஞாபகம் இருக்கிறதா?' பதில் உடனே வராது. இரண்டாவது சந்திப்பில் வரும்.

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர், இன்று கணக்குத் துறையில் நல்ல வேலையில் இருக்கிறார். அவர் எழுதி வைத்திருந்த முதல் பேச்சு இப்படிப் போனது: அப்பா இல்லை, அம்மா துணித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட், வீட்டில் காசு இல்லை, ஆனாலும் விடாமல் படித்தேன், ஜெயித்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதைக் கேட்கும் ஆசிரியருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு இடம்கூட இல்லை.

இரண்டாவது முறை போனபோது, டீ போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: 'அந்த லேட் புக் ஒன்று இருந்தது.' தாமதமாக வரும் பிள்ளைகள் வாசலில் பெயர் எழுத வேண்டிய நோட்டு. மூன்று முறை பெயர் வந்தால் பள்ளி விட்ட பிறகு தண்டனை வகுப்பு. அம்மா விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவதால், தம்பியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வர வேண்டியது இவர். அந்தக் கதவு ஏழரைக்குத்தான் திறக்கும், இவர் பள்ளி மணியும் ஏழரைக்கே. தினமும் நோட்டில் பெயர். தண்டனை வகுப்பில் உட்கார்ந்தால் தம்பியைக் கூப்பிடப் போக முடியாது. அதனால் தண்டனை வகுப்புக்குப் போகாமல் ஓடிவிடுவார். அதற்கு இன்னொரு தண்டனை. பள்ளியில் அவருக்கு அடங்காத பெண் என்ற பெயர். படிப்பை விட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாராம்.

அப்போது ஒரு புது டீச்சர் வாசல் பொறுப்புக்கு வந்தார். 'ஏன் லேட்?' என்று அவர் கேட்கவில்லை. 'காலையில் எழுந்ததிலிருந்து இங்கே வரும்வரை என்னென்ன செய்தாய், வரிசையாகச் சொல்' என்றார். இவர் சொன்னார். டீச்சர் நோட்டை மூடிவிட்டு, முதல் பீரியட் ஆசிரியரிடம் போய்ப் பேசினார். அன்றிலிருந்து கடைசிப் பெஞ்சு கதவோரம் இவருக்கு. இருபது நிமிஷம் கழித்து வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளலாம். அவ்வளவுதான். காசு கொடுக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து விசாரிக்கவும் இல்லை.

அந்த அக்காவுக்கே அது வரை இது கதையில் சேர்க்க வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. 'இதுவா? இது சின்ன விஷயமாச்சே' என்றார். பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொன்னேன். அவர் பேசி முடித்ததும் ஆசிரியர்கள் தங்கள் பள்ளியின் தாமத நோட்டைப் பற்றித்தான் பேசினார்கள். யார் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, அவர்களில் யாருக்குத் தம்பி தங்கை இருக்கிறது என்று. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சுத்தான்.

ஆகவே தயாரிப்பின்போது தோண்ட வேண்டியது இவற்றை: எந்த வகுப்பு, எந்த இடம், கையில் என்ன இருந்தது, அந்தப் பெரியவர் சொன்ன சரியான வார்த்தைகள் என்ன, அதன் பிறகு அடுத்த வாரம் என்ன மாறியது. உதவி செய்யாதவர்களைப் பற்றியும் கேளுங்கள். 'யாருமே கவனிக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால் அதை விட்டுவிடாதீர்கள், எதைக் கவனித்திருந்தால் போதும் என்று கேளுங்கள். சில சமயம் அதுதான் கூட்டத்திலேயே மிக உபயோகமான பத்து நிமிஷம்.

மொத்தப் பேச்சு இருபது நிமிஷத்துக்குள் இருக்கட்டும். அந்தப் பள்ளிக்கூடக் காட்சிக்குப் பாதி நேரம். கஷ்டத்தின் விவரம் கேட்பவருக்குப் புரியும் அளவுக்குப் போதும். ஜெயித்த கதை கடைசியில் இரண்டு வரி.

நான்காம் படி: முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டியவை

கதையில் வரும் மற்றவர்கள். அப்பா குடித்தார் என்று சொன்னால் அந்த அப்பாவின் அண்ணன் பிள்ளைகள் அதே பள்ளியில் ஆசிரியராக இருக்கலாம். நம் ஊர் அப்படி. உயிரோடு இருப்பவர்களின் அடையாளம் தெரியாதபடி மாற்றுங்கள், அல்லது அவர்களிடம் அனுமதி கேளுங்கள். பேச்சைப் படம் பிடிக்க வேண்டுமானால் பேசுபவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்குங்கள். எங்கே போடுவீர்கள், எப்போது நீக்குவீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது போப்பியா, நோய் பற்றிய தகவலைத் தனிக் கவனத்தோடு கையாளச் சொல்கிறது. என் விருப்பம் கேட்டால் படமே வேண்டாம். கேமரா இருந்தால் பேசுபவரும் ஜாக்கிரதையாகிவிடுவார், கேட்பவரும் கேள்வி கேட்க மாட்டார்.

குழந்தைகளுக்கு நடந்த கொடுமை கதையில் வருமானால் கூடுதல் கவனம் தேவை. பிள்ளைகளுக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஆசிரியர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 110-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குரிய படிவம் 22 எண் படிவம். பேசுபவர் குறிப்பிடும் ஆள் இன்றும் பிள்ளைகளோடு பழகுகிறவராக இருந்தால், அது மேடையில் முதல் முறையாக வெளிவர வேண்டிய செய்தி அல்ல. தயாரிப்பின்போதே உட்கார்ந்து பேசி, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பிறகு மேடையைப் பற்றி யோசியுங்கள்.

அடித்து வளர்த்த வாத்தியார். வயதான அண்ணன்மார் பலர் இதை ஆசையோடு சொல்வார்கள்: 'எங்க சார் பிரம்பால் வெளுத்தார், அதனால்தான் நான் மனுஷனானேன்.' அவர் மனதில் அது அன்பாகவே தங்கியிருக்கிறது, அதை மறுக்க வேண்டாம். ஆனால் 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் பத்தாம் பிரிவில் உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. அடி ஒரு மருந்து என்ற செய்தியோடு ஆசிரியர்கள் கலைந்து போகக் கூடாது. அந்த சார் அடித்ததைத் தவிர வேறு என்ன செய்தார் என்று கேளுங்கள். மாலையில் சும்மா கணக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார், பரீட்சைப் பணம் கட்டியிருப்பார், அப்பாவிடம் வந்து 'இவனை வேலைக்கு அனுப்பாதீர்கள்' என்று சொல்லியிருப்பார். பேச்சில் அது வரட்டும்.

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் இனி வருவது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு இங்கே வந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த அந்த ஜனங்கள் தங்கள் கையிலிருந்து காசு போட்டு, அரசு மானியத்தையும் வாங்கிப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். இது நமக்குப் பெருமை. ஆனால் இந்தப் பெருமை சில பேச்சுகளில், 'நாங்கள் ஒன்றுமில்லாமல் வந்து முன்னேறினோமே, மற்றவர்களால் ஏன் முடியவில்லை?' என்று திரும்பிவிடுகிறது. அந்த அறையில் சூலு மொழி பேசும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பள்ளிகள் பலவற்றில் இன்று பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். இனவொதுக்கல் அரசு ஒரு பிள்ளைக்குச் செலவு செய்த பணம் வெள்ளையருக்கு மிக அதிகம், இந்தியருக்கு அடுத்து, கறுப்பினத்தவருக்கு மிகக் குறைவு. நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பு உண்மை, இந்தக் கணக்கும் உண்மை. அதுபோக இந்தியருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே நடந்த 1949 கலவரமும், 2021 ஜூலையில் பீனிக்ஸில் போன உயிர்களும் இரண்டு பக்கத்திலும் ஆறாத புண். பேசுபவரோடு உட்கார்ந்து, ஒப்பிட்டுப் பேசும் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். முடிந்தால் ஒரே கூட்டத்தில் இருவரைப் பேச வையுங்கள், ஒரு தமிழ் அம்மாவும் ஒரு சூலு அம்மாவும். இருவர் கதையிலும் அதே லேட் புக் வந்தாலும் வரும்.

ஐந்தாம் படி: நாளும் இடமும்

வெள்ளிக்கிழமை வேண்டாம். ஜும்மா தொழுகைக்குப் போகும் ஆசிரியர்கள் இருப்பார்கள், மற்றவர்களும் வாரக் கடைசிக் களைப்பில் இருப்பார்கள். நான்காம் தவணை மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போய்விடும். ஜனவரியில் பிள்ளைகள் வருவதற்கு முன் ஆசிரியர்கள் மட்டும் வரும் நாட்கள் நல்லது, இரண்டாம் தவணையின் தொடக்கமும் பரவாயில்லை. அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாளில்தான் வைக்க வேண்டும் என்றால், அது புரட்டாசி மாதத்தில் வரும். சாப்பாட்டில் கறி, முட்டை எதுவும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய மண்டபம் தேவையில்லை. நூலகம் போதும், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மின்வெட்டு வந்தாலும் மைக் இல்லாமல் கேட்கும் அளவுக்குள் கூட்டம் இருக்கட்டும்.

பள்ளியே ஏற்பாடு செய்யும் கூட்டம் என்றால், ஆசிரியர்கள் அதை ஆசிரியர் கவுன்சிலான சேஸில் தங்கள் தொழில் வளர்ச்சிப் புள்ளிகளுக்காகப் பதிவு செய்துகொள்ளலாம். பள்ளி முன்னெடுக்கும் பணிகள் இரண்டாம் வகையில் வரும். மூன்று ஆண்டில் 150 புள்ளி சேர்க்க வேண்டியவர்களுக்கு இது சின்ன உதவி, ஆகவே வருகைத் தாளில் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

ஆறாம் படி: அந்த ஒன்றரை மணி நேரம்

பிரின்சிபால் வரவேற்புரை ஐந்து நிமிஷம். பேசுபவரை அறிமுகம் செய்யும்போது பட்டம், பதவி எல்லாம் அடுக்க வேண்டாம். 'இவர் இந்தப் பள்ளியில் படித்தவர், நம் கேள்வி ஒன்றுக்கு உதவ வந்திருக்கிறார்' என்று சொல்லி, முதல் படியில் எழுதிய கேள்வியைப் படியுங்கள். ஆரம்பத்திலேயே, யாருக்காவது மனம் கனத்தால் எழுந்து வெளியே போகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நூற்றுக்கணக்கான பள்ளிகள் சேதமாயின. கேட்க உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களிலேயே வீட்டை இழந்தவர் இருக்கலாம்.

பேச்சு முடிந்ததும் கை தட்டட்டும், ஆனால் உடனே கேள்விக்குப் போக வேண்டாம். மூன்று நிமிஷம் மௌனமாக எழுதச் சொல்லுங்கள்: 'இதைக் கேட்டபோது என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது?' பெயரைச் சத்தமாகச் சொல்லக் கூடாது, தாளையும் யாரும் வாங்கக் கூடாது.

கேள்விகளை நீங்களே தாளில் வாங்கிப் படியுங்கள். 'அப்போது உங்கள் மனநிலை எப்படி இருந்தது?', 'அப்பாவை மன்னித்துவிட்டீர்களா?' போன்றவற்றை ஒதுக்கி வையுங்கள். அவை ஆவலில் வருபவை, பேசுபவரை மறுபடி காயப்படுத்துபவை. 'டீச்சர் மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்டாரா, தனியாகக் கேட்டாரா?' என்பது நல்ல கேள்வி. எந்தக் கேள்விக்கும் 'இது வேண்டாம்' என்று சொல்ல பேசுபவருக்கு உரிமை உண்டு என்பதை எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

மிச்சமுள்ள நேரம் ஆசிரியர்களுடையது. நான்கு நான்கு பேராக உட்கார்ந்து, கதையில் வந்த அந்தச் சின்னக் காரியத்துக்கு ஈடாக நம் பள்ளியில் என்ன செய்யலாம் என்று பேசட்டும். பணம் தேவைப்படாத, இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று. பேசியவரும் ஒரு குழுவில் உட்காரலாம், விருப்பமிருந்தால்.

ஏழாம் படி: பேசியவரைக் கவனிப்பது

பொன்னாடையும் மாலையும் போடுங்கள், நம் மரியாதை அது. ஆனால் வேலைக்கு லீவு போட்டு இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வந்தவருக்குப் பொன்னாடை மட்டும் போதாது. போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் ஒரு தொகையைக் கவரில் வைத்து, கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்க யோசிக்காத நாம், ஒருவரின் வாழ்க்கையை இலவசமாகக் கேட்கக் கூடாது.

அன்று அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். யாராவது கூடப் போய் விடட்டும். மறுநாள் ஒருமுறையும், ஒரு வாரம் கழித்து ஒருமுறையும் போன் செய்யுங்கள். கதையைச் சொன்ன அன்று தெரியாத கனம் இரண்டாம் நாளில் தெரியும். லைஃப்லைன், சாடாக் போன்ற மனநல உதவி அமைப்புகளின் எண்களை ஒரு அட்டையில் எழுதி அவருக்கும், வந்த ஆசிரியர்களுக்கும் கொடுங்கள். பிள்ளைகளுக்காக சைல்ட்லைன் உதவி எண் 116.

எட்டாம் படி: ஒரு தவணை கழித்து

குழுக்கள் சொன்னவற்றிலிருந்து ஒன்றே ஒன்றைப் பள்ளி முழுக்கச் செய்யுங்கள். லேட் புக்கில் திரும்பத் திரும்ப வரும் பிள்ளையிடம் தண்டனைக்கு முன் காலை நேரத்தை வரிசையாகச் சொல்லக் கேட்பது என்று முடிவானால், அதற்கு ஒருவர் பொறுப்பு, ஒரு நோட்டு. தமிழ் வார வகுப்பென்றால் இன்னும் சுலபம், ஆசிரியர்கள் குறைவு, பெற்றோரும் வாசலிலேயே நிற்பார்கள்.

தவணை முடிவில் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை பிள்ளைகளிடம் கேட்டோம், என்ன தெரிந்தது, எதை மாற்ற முடிந்தது, எங்கே முடியவில்லை. பிள்ளைகள் பெயர் இல்லாமல் இதை ஒரு பக்கத்தில் எழுதி, பேசியவருக்கு அனுப்புங்கள். அடுத்த ஆள் யார் என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் அவருக்கு ஒருவரைத் தெரிந்திருக்கும்.